முதல் மூன்று நாட்கள்

இந்த முறை சொந்தக் கதையில் ஆரம்பித்து சரித்திரத்துக்குள் போகப் போகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

அப்பா ஒரு சின்ன ஜவுளிக்கடையில் கேஷ் கவுண்டரில் இருக்கிறார். ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் கடை. போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அங்கே சேலைப் பிரிவில் நிற்கும் அண்ணன் ஒருவர் காய்ச்சலும் இருமலுமாக வேலைக்கு வந்தார். நான்கைந்து நாளில் அப்பாவுக்கும் அதே காய்ச்சல். ஒரு நாள் போகாவிட்டால் 450 ரூபாய் பிடித்தம். தீபாவளி நேரத்தில் போகாவிட்டால் போனஸிலும் கை வைப்பார்கள். அதனால் அப்பாவும் ஒரு பாராசிட்டமால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். மூன்று நாளும் அப்படித்தான் போனார்.

அடுத்து அப்பத்தாவுக்கு வந்தது. வயது 79. ஃப்ளூ நிமோனியாவாக மாறி ஒன்பது நாள் மருத்துவமனை. செலவு 38 ஆயிரம் ரூபாய். அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போனது. அப்பத்தா பிழைத்துக்கொண்டார். ஆனால் முன்பு போல வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதில்லை. நான்கு அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது.

மருத்துவமனை வராந்தாவில் அம்மா அந்த சேலைப் பிரிவு அண்ணனைத் திட்டித் தீர்த்தார். "காய்ச்சலோட எதுக்குக் கடைக்கு வரணும்? கொஞ்சமாச்சும் அறிவு வேணாம்?" அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "நானுந்தான போனேன். வேற ஏதோ வீட்டுல என்னையும் இப்படித் திட்டிக்கிட்டு இருப்பாங்க."

அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவே இல்லை. காய்ச்சலோடு வேலைக்குப் போவது அறிவு சம்பந்தப்பட்ட விஷயமா? பொறுப்பின்மையா? பி.காம் படிக்கிறவள் என்பதால் எனக்கு எல்லாமே கணக்காகத்தான் தெரிகிறது :-) எனவே கொஞ்சம் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பம்பாய், 1918

1918 ஜூன் 10. பம்பாயில் ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் காவல் பணியில் இருந்தவர். மலேரியா இல்லை. வேறு என்னவென்றும் புரியவில்லை. அடுத்த பத்து நாட்களுக்குள் ஒரு கப்பல் நிறுவனத்தின் ஊழியர்கள், போர்ட் டிரஸ்ட் ஊழியர்கள், ஹாங்காங் ஷாங்காய் வங்கி, தந்தி அலுவலகம், நாணயச்சாலை, ரேச்சல் சசூன் மில் என்று வரிசையாக ஆட்கள் படுத்தார்கள். அப்போது நகரத்தின் சுகாதார அதிகாரியாக இருந்த ஜே.ஏ.டர்னர் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். ஸ்பானிஷ் ஃப்ளூ என்று பிறகு உலகம் பெயர் வைத்த நோய்தான் இது.

அந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை பாருங்கள். அதில் தெரு இல்லை, கோயில் இல்லை, திருவிழா இல்லை. எல்லாமே வேலை செய்யும் இடங்கள். வேலையிடத்தில் ஆள் குறைந்தால் வருகைப் பதிவேட்டில் தெரியும், அதனால் அங்கே முதலில் கண்ணில் பட்டது என்றும் ஒருவர் வாதிடலாம். நியாயம்தான். ஆனால் ஒரே கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நூற்றுக்கணக்கான பேர் நிற்கும் இடத்தில் மூச்சு வழியே பரவும் நோய் என்ன செய்யும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்து பம்பாய் பஞ்சாலைகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தார்கள். உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தால் கூலி கிடையாது. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. சில மில்களில் 'டபுள் காடா' என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்வது! 1920-களில் பம்பாய் அரசின் தொழிலாளர் அலுவலகம் மில்களில் நடக்கும் அபராதங்களையும் பிடித்தங்களையும் விசாரித்தபோது இது பதிவானது.

இன்னொரு பயமும் இருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் மில் வாசலில் வேலை இல்லாதவர்கள் கூட்டமாக நிற்பார்கள். யாராவது வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு ஜாபர் எனப்படும் மேஸ்திரி கூட்டத்திலிருந்து ஒருவரை உள்ளே விடுவார். இவர்களுக்கு 'பத்லி' என்று பெயர். நம்மூர் மில்களில் பதிலி ஆள் என்பார்கள். ஆளை எடுப்பதும் நிறுத்துவதும் அந்த ஜாபர் கையில். இன்றைக்கு நீ வரவில்லை என்றால் உன் தறியில் இன்னொருவன். நாளைக்கு நீ திரும்பி வரும்போது அந்தத் தறி உனக்குக் கிடைக்குமா என்பது ஜாபரின் தயவு.

ஆக, காய்ச்சல் வந்த மில் தொழிலாளிக்கு முன்னால் இரண்டு பயம். ஒன்று, இன்றைய கூலி. இரண்டு, நாளைய இடம். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை தேவைப்படும்.

படுக்கையில் விழுந்து எழ முடியாமல் போன பிறகு யாராலும் வேலைக்குப் போக முடியாது. 1918-ல் அப்படி விழுந்தவர்கள் ஏராளம். பிரச்னை அதற்கு முந்தைய நாளில் இருக்கிறது. தொண்டை கரகரக்கிறது, உடம்பு சுடுகிறது, ஆனால் கை கால் இன்னும் நிற்கிறது. அந்த ஒரு நாளில் ஒருவர் என்ன முடிவெடுக்கிறார் என்பதுதான் விஷயம்.

செப்டம்பரில் இரண்டாவது அலை வந்தது. அக்டோபர் 6-ஆம் தேதி ஒரே நாளில் பம்பாயில் 768 மரணங்கள் பதிவாயின. அந்த வருடம் பருவமழையும் பொய்த்து, தானிய விலை ஏறி, மக்கள் ஏற்கெனவே அரைவயிற்றோடு இருந்தார்கள். ரயில் போன இடமெல்லாம் நோயும் போனது. இந்தியா முழுவதும் இறந்தவர்கள் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 2 கோடி வரை என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பம்பாய் நகரத்தில் மட்டும் யார் எவ்வளவு இறந்தார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. ஐரோப்பியர்களில் ஆயிரம் பேருக்கு 8.3. பார்சிகளில் 9. தாழ்த்தப்பட்ட சாதியினரில் ஆயிரம் பேருக்கு 61.6. நோய் ஒன்றுதான். ஆனால் ஏழு மடங்கு வித்தியாசம். ஒற்றை அறை வீடு, அரைச் சாப்பாடு, மருத்துவம் இல்லாமை எல்லாம் இதற்குக் காரணம். "இன்றைக்கு லீவு" என்று சொல்ல முடியாத வாழ்க்கையும் அதே மனிதர்களுடையதுதான்.

பிஸ்மார்க்கின் கணக்கு

அப்படியானால் உலகத்தில் யாருமே இதைப் பற்றி யோசிக்கவில்லையா? யோசித்தார்கள். 1883-லேயே ஜெர்மனியில் பிஸ்மார்க் தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. நோய் வந்தால் பாதிக் கூலி, 13 வாரம் வரை. அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம்.

பிரிட்டனில் நிதியமைச்சராக இருந்த லாயிட் ஜார்ஜ் 1911-ல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். ஆண் தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசு 2 பென்ஸ். நோய் வந்தால் ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு ஏழரை ஷில்லிங், 26 வாரம் வரை. 1913 ஜனவரியிலிருந்து பணம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு சட்டத்திலும் ஒரு சின்ன வரி ஒளிந்திருக்கிறது. ஜெர்மனியில் நோய் வந்த நாளுக்குப் பிந்தைய மூன்றாம் நாளிலிருந்துதான் பணம். பிரிட்டனில் நான்காம் நாளிலிருந்து. அதற்கு முந்தைய நாட்களுக்கு ஒன்றும் கிடையாது. இதற்குக் காத்திருப்பு நாட்கள் என்று பெயர்.

ஏன் இப்படி வைத்தார்கள்? காப்பீடு பாடம் படித்தவர்களுக்கு எளிதில் புரியும். வண்டிக் காப்பீட்டில் சேதத்தின் முதல் பகுதியை நம் தலையிலேயே கட்டுவார்கள் இல்லையா? சின்னக் கீறலுக்கெல்லாம் பணம் கேட்டு வரக்கூடாது என்பதற்காக. அதே தந்திரம்தான் இங்கேயும். சின்னச் சளிக்கெல்லாம் விண்ணப்பம் வந்தால் அலுவலகச் செலவு கூடும், திங்கட்கிழமைக் காய்ச்சல்காரர்கள் பெருகுவார்கள் என்று பயந்தார்கள். கணக்குப்படி பார்த்தால் தப்பே இல்லை.

ஆனால் வண்டிக் கீறல் பக்கத்து வண்டிக்குத் தொற்றாது!

ஃப்ளூ வைரஸுக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவ ஆரம்பிக்கிறது. அறிகுறி வந்த முதல் மூன்று நாட்களில்தான் மிக அதிகமாகப் பரவும். ஐந்திலிருந்து ஏழு நாளில் பெரும்பாலானவர்களிடம் அடங்கிவிடும். இப்போது சட்டத்தின் நாட்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த நாட்களில் ஒருவர் வீட்டில் இருந்தால் ஊருக்கு மிகவும் நல்லதோ, அந்த நாட்களுக்குத்தான் காசு இல்லை. பரவுவது குறைய ஆரம்பித்த பிறகு காசு வருகிறது.

சட்டம் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. காலொடிந்து கிடப்பவரையும், காசநோயில் மாதக்கணக்காகப் படுத்திருப்பவரையும் நினைத்து எழுதினார்கள். அந்தக் குடும்பம் பட்டினி கிடக்கக்கூடாது என்பதுதான் நோக்கம். நோயாளியின் நஷ்டம் அவர்கள் பேரேட்டில் இருந்தது. பக்கத்துத் தறிக்காரரின் நஷ்டத்துக்கு அதில் பக்கமே ஒதுக்கவில்லை.

114 நாள் வேலைநிறுத்தம்

இந்த முதல் நாட்களுக்காகவே ஒரு பெரிய போராட்டம் நடந்திருக்கிறது. தேடும்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஜெர்மனியில் ஒரு விசித்திரம். கடையிலும் அலுவலகத்திலும் கணக்கு எழுதும் வணிக எழுத்தருக்கு நோய் வந்தால் ஆறு வாரம் வரை சம்பளம் உண்டு என்று 1861-ஆம் ஆண்டு வணிகச் சட்டத் தொகுப்பிலேயே இருந்தது. (நம் துறைக்காரர்கள் அப்போதே கெட்டிக்காரர்கள்!) ஆனால் அதே நிறுவனத்தின் பட்டறையில் இரும்பு அடிப்பவருக்கு அது கிடையாது. அவர் காத்திருப்பு நாட்களைக் கடந்து காப்பீட்டில் வரும் குறைந்த பணத்தைத்தான் வாங்க வேண்டும். பேனா பிடித்தவருக்கு ஒரு காய்ச்சல், சுத்தியல் பிடித்தவருக்கு வேறு காய்ச்சல்.

1956 அக்டோபர் 24-ஆம் தேதி வட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் உலோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கப்பல் கட்டும் தளங்களில் வேலை செய்தவர்கள் நிறையப் பேர். கடைசியில் சுமார் 34,000 பேர் கலந்துகொண்டார்கள். முக்கியக் கோரிக்கை, நோய்க்காலச் சம்பளத்தில் அலுவலக ஊழியருக்குச் சமமான உரிமை. கடுங்குளிரில், கிறிஸ்துமஸும் தாண்டி, 1957 பிப்ரவரி வரை 114 நாள் நடந்தது.

அதே 1957-ல் சட்டம் வந்தது. காத்திருப்பு மூன்று நாளிலிருந்து இரண்டாகக் குறைந்தது. 1961-ல் ஒன்றானது. 1970 ஜனவரியிலிருந்து முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம், ஆறு வாரம் வரை. 1883-ல் ஆரம்பித்த கணக்கு முதல் நாளைத் தொட 87 வருடம் ஆனது.

நம் நாட்டில்

இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன் 1931-ல் அறிக்கை கொடுத்தது. நோய்க் காப்பீடு வேண்டும் என்று அதிலேயே பேசினார்கள். பிறகு பேராசிரியர் பி.பி.அடார்க்கர் 1944-ல் ஒரு திட்டம் தயாரித்துக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். 1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. கான்பூரில் நேருவே தொடங்கிவைத்தார். பிற்காலத்தில் நோய்க்காலப் பணம் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை என்று ஆனது.

இந்தச் சட்டத்திலும் அந்தச் சின்ன வரி இருந்தது. நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பணம் கிடையாது. பதினைந்து நாளுக்குள் மறுபடி நோய் வந்தால் மட்டும் விலக்கு. பெர்லினிலிருந்தும் லண்டனிலிருந்தும் அந்த வரி கான்பூர் வரை பயணம் செய்து வந்துவிட்டது.

2020 ஒப்புக்கொண்டது

இதெல்லாம் என் கற்பனையோ என்று எனக்கே சந்தேகம் இருந்தது. கொரோனா காலத்தில் அரசாங்கங்கள் என்ன செய்தன என்று பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. 2020 மார்ச்சில் பிரிட்டன் கொரோனாவுக்கு மட்டும் மூன்று காத்திருப்பு நாட்களைத் தூக்கிவிட்டு முதல் நாளிலிருந்தே பணம் என்றது. சுவீடனில் 1993 முதல் நோயின் முதல் நாளுக்குப் பிடித்தம் இருந்தது. அங்கேயும் அதே மார்ச்சில் அந்தப் பிடித்தத்தை அரசே ஈடுகட்டியது. யாருக்கும் புதிதாக ஞானம் வரவில்லை. முதல் நாள்தான் ஆபத்து என்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். பயம் வந்ததும் ஒப்புக்கொண்டார்கள், அவ்வளவுதான். 2022 மார்ச்சில் பிரிட்டன் பழைய மூன்று நாளுக்கே திரும்பியது. அதை நிரந்தரமாக எடுத்துவிடுவது என்று சட்டம் இயற்ற 2025 டிசம்பர் ஆகிவிட்டது.

அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான நிரந்தரமான, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்புச் சட்டம் கிடையாது. அங்கே 2020 மார்ச்சில் தற்காலிகமாக இரண்டு வாரச் சம்பள விடுப்பு கொடுத்தார்கள். இதனால் புதிதாக உரிமை பெற்ற மாநிலங்களில், ஒரு மாநிலத்தில் ஒரு நாளைக்கு சுமார் 400 கொரோனா தொற்றுகள் குறைந்ததாகப் பொருளாதார ஆய்வாளர்கள் அதே ஆண்டு கணக்கிட்டார்கள். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. வெறும் சம்பளம்!

"முதல் நாளே காசு கொடுத்தால் எல்லோரும் பொய்க் காய்ச்சல் போடுவார்கள்" என்று என் வகுப்பு நண்பன் சொன்னான். போடுவார்கள்தான். சிலர். அதை நான் மறுக்கவில்லை. நாமே வகுப்புக்குப் போட்டிருக்கிறோமே. பொய்க் காய்ச்சலின் செலவு முதலாளி கணக்கில் தெளிவாக எழுதப்படுகிறது. மெய்க் காய்ச்சலோடு வேலைக்கு வருவதன் செலவு யார் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. அது யாரோ ஒரு வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அண்ணன் மூன்று நாள் வீட்டில் இருந்திருந்தால் அவருக்கும் அதே கூலி என்று வைத்தால் 1350 ரூபாய். எங்களுக்கு ஆனது 38 ஆயிரம். அப்பத்தாவின் மூச்சுக்கு விலை போடத் தெரியவில்லை.

இரண்டாவது பயம்

கதை இங்கே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தொழில் சட்டம் பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 கண்ணில் பட்டது. அதன் 25-ஆம் பிரிவின்படி கடை ஊழியருக்கு வருடத்தில் 12 நாள் வரை நோய்க்காகச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. காத்திருப்பு நாள் எதுவும் இல்லை. ஜெர்மன் தொழிலாளிக்கு 1970-ல் கிடைத்த அந்த முதல் நாள், நம்மூர்க் கடை ஊழியருக்கு 1947-லேயே காகிதத்தில் கிடைத்துவிட்டது!

ஓடிப் போய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். அவர் அந்தக் கடையில் 16 வருடமாக இருக்கிறார். இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"நல்ல சட்டமாத்தான் இருக்கும்மா" என்றார். "ஆனா இதக் கொண்டுபோய்க் கேட்டேன்னு வையி, மறுநாள் அந்த சீட்டுல வேற பையன் உட்கார்ந்திருப்பான்."

எனக்கு பம்பாய் மில் வாசல் ஞாபகம் வந்தது. முதல் பயத்துக்கு 1947-லேயே மருந்து எழுதிவிட்டார்கள். இரண்டாவது பயம் நூறு வருடம் கழித்தும் அதே வாசலில் அப்படியே நிற்கிறது. கூலி போகாது என்று சட்டம் சொன்னால் மட்டும் போதாது, இடமும் போகாது என்று அந்த மனிதருக்கு நம்பிக்கை வரவேண்டும். இல்லாவிட்டால் பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு கிளம்பத்தான் செய்வார்.

அம்மா இப்போது அந்த அண்ணனைத் திட்டுவதில்லை. போன வாரம் அப்பாவின் சாப்பாட்டுத் தூக்கில் அவருக்கும் சேர்த்து மிளகு ரசம் வைத்து அனுப்பினார். மறுபடியும் அவருக்கு இருமலாம். வேலைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாராம்.

நண்பர்களே, அடுத்த வருடம் நம்மில் பலர் வேலைக்குப் போய்விடுவோம். சிலர் கணக்கு எழுதுவோம், சிலர் கடையே வைப்போம். ஊழியர் வருகைப் பதிவேடு நம் கைக்கு வரும். அன்றைக்கு யாராவது இருமிக்கொண்டே வந்து நின்றால், "ஏன் வந்தாய்" என்று கேட்பதற்கு முன், அவர் வராமல் இருந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்று ஒரு நிமிடம் யோசிப்போம்.